பின்னால் வருபவருக்கு ஒன்று

இம்மாகொலாத்தா என்பது அவள் முழுப்பெயர்.
வீட்டில் இம்மா.
கூழ் ஆலையில் மாம்பழம் தரம் பிரிக்கும் பெண்கள்
ஒரே நாளில் அதை 'யம்மா' ஆக்கிவிட்டார்கள்.
பெங்களூரா ரகத்தின் புளிப்பைப் பற்றி ஆய்வேடு எழுத
நேப்பிள்ஸிலிருந்து
கிருஷ்ணகிரியின் மே மாதத்துக்கே வந்து சேர்ந்தாள்.
ஆய்வகத்தில் அவளுக்குத் துணை நான்.

முதல் ஞாயிறு, நெடுஞ்சாலையோர ஏசி கடைக்குக் கூட்டிப்போனேன்.
நுரைமேல் இலை வரைந்த கப்புச்சினோ,
இருநூற்றிருபது ரூபாய். மணி நாலு.
"பதினோரு மணிக்கு மேல் யாராவது பால் சேர்ப்பார்களா?"
துக்க வீட்டுக்கு ஜாதிமல்லி வைத்துக்கொண்டு வந்தவளைப்போல
என்னைப் பார்த்தாள்.

அவள் ஊரில் காபிக்கு நாற்காலி கிடையாதாம்.
கல்மேடையில் முழங்கை ஊன்றி, நின்றபடி,
மூன்று மடக்கு, ஒரு வம்பு, கிளம்பிவிட வேண்டியதுதான்.
தண்ணீரைக் காபிக்கு முன்னால் குடிக்க வேண்டும்;
பின்னால் குடித்தால் காபி பிடிக்கவில்லை என்று பொருள்.
ஜூலையில் தார் உருகும்போதும் சூடாகத்தான்.
"இங்கே அப்படி இல்லையா?"

இருந்தது.
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் தஸ்தகீர் பாய் கடை.
ஆறு வருடமாக அதைத் தாண்டித்தான் ஆலை வேன் ஏறுகிறேன்.
லாரி டிரைவர்கள், மண்டி ஆட்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள்
எல்லாரும் நின்றுதான் குடிக்கிறார்கள்.
நான் நின்றதில்லை.
நிற்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.
சொல்லாமலே மனப்பாடம் ஆகிற பாடங்களில் அது ஒன்று.

அவள் போய் நின்றாள்.
அதனால் நானும்.
கண்ணாடித் தம்ளர் விரலைச் சுட்டது.
எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணினேன்: ஒன்பது.
மறுநாள் நாலு.
அதற்கப்புறம் எண்ண மறந்துபோனேன்.

பால் இல்லாத டிகாக்ஷன், சர்க்கரை தூக்கலாக.
ஒரு சொட்டை ஆலைக் கருவியில் வைத்துப் பார்த்தாள்.
பிரிக்ஸ் பதினான்கு.
'பழுத்த பெங்களூராவுக்குச் சமம்' என்று
ஆய்வு நோட்டிலேயே குறித்துக்கொண்டாள்.

நாற்பது டிகிரி அடித்த ஒரு வியாழன்
மாதிரிக் கோப்பையில் அதே டிகாக்ஷனை ஊற்றி
மைனஸ் பதினெட்டு அறையில் ஒளித்துவைத்தோம்,
லேபிளில் பொய்யான பேட்ச் எண்ணோடு.
ஷிஃப்ட் முடிந்ததும் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றோம்.
கறுப்புப் பனி. பல் கூசியது.
ஏப்ரனில் மாம்பழ வாசனை, வாயில் கசப்பு.
சூப்பர்வைசர் வந்து, 'என்ன பேட்ச் அது?' என்றபோது
வாயைத் திறக்க முடியாமல்
இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம்.

கிளம்புகிற அன்று
இரண்டு காபிக்குக் காசு கொடுத்து ஒன்றைத்தான் குடித்தாள்.
இன்னொன்று?
பின்னால் வரப்போகிற, கையில் காசில்லாத,
முகம் தெரியாத யாருக்காவது. அவள் ஊர் வழக்கம்.
நான் தமிழில் சொல்லச் சொல்ல
பாய் தாடியைச் சொறிந்தார்.
ஓரமாக நின்றவர் கேட்டார்: "எலெக்ஷன் வருதா?"

ஆகஸ்டில் சீசன் முடிந்தது, என் ஒப்பந்தமும்.
கடைசிச் சம்பளம் கணக்கில் ஏறவில்லை.
தனியாகப் போய் நின்றேன்.
"பாய், அந்த ஒண்ணு இருக்கா?"
"இருக்கு. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க.
சும்மான்னு சொன்னா சந்தேகமா பாக்கறாங்க."
"அப்ப எனக்குக் குடுங்க."
"அது தெரியாதவங்களுக்கும்மா.
நீ தெரிஞ்ச பொண்ணு."

எனக்கு வந்தது கோபமா சிரிப்பா,
பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
காபி வந்தது, மாலை ஐந்தரைக்கு, பால் சேர்த்து.
தண்ணீரை முன்னாலேயே குடித்துவிட்டேன்.
பாய் கடன் நோட்டை எடுத்தார்.
"பேர் என்னம்மா?"
சொன்னேன்.

உருதுவில் எழுதினார், வலமிருந்து இடமாக,
பாக்கி வைத்த முப்பது ஆண்களுக்குக் கீழே.
எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது.
கடைசி வரி, மை இன்னும் காயவில்லை.
அதுதான் நான்.